ஐந்து பாம்புக் குட்டிகளும் ஏழாம் மாடி வெந்நீரும்

“லைட்டப் போடாத, இரென்கா. அப்படியே நில்லு.”

“யாரு, ரஷ்கா மாமாவா?”

“நான்தான். கதவத் தொறந்தே வை. கொஞ்சம் குளுந்த காத்து வரட்டும்.”

வெள்ளரி ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுப்பதற்காக எங்கள் குடியிருப்பின் நிலவறைக்கு இறங்கியிருந்தேன். டிசம்பர் முதல் வாரம். மரச்சட்டம் அடித்துப் பிரித்த அந்தச் சின்னச் சின்ன அறைகளில் கடைசி அறை அவருடையது. கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டிமேல், மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருட்டுல என்ன மாமா பண்றீங்க?”

“கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“எத?”

“நகருதான்னு. நகரக் கூடாது.”

அலமாரியில் ஐஸ்கிரீம் டப்பா அளவுக்கு ஐந்து பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தன. மூடிகளில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது. ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளிகள்: ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை. நானும் மூச்சை அடக்கிக் கேட்டேன். மூன்றாவது பெட்டிக்குள் காகிதத்தை விரல் நகத்தால் தடவுவதுபோல ஒரு சத்தம்.

“கேட்டுச்சா?” என்றார். “அது தூங்கல.”

“தூங்கணுமா?”

“பத்து டிகிரில கல்லு மாதிரிக் கெடக்கணும். இங்க பாரு எவ்வளவுன்னு.”

டார்ச்சைத் தெர்மாமீட்டர்மேல் அடித்தார். பதினாலரை.

“நாலு டிகிரிதானே மாமா கூட இருக்கு.”

“ஒனக்குக் காய்ச்சல் நாலு டிகிரி ஏறுனா அப்ப வந்து சொல்லு, நாலுதானேன்னு.”

டார்ச்சை அணைத்தார். அவரே தொடர்ந்தார்.

“இருபத்திரண்டுல வச்சா திங்கும், செரிக்கும். பத்துல வச்சா தூங்கும், செலவே கெடையாது. நடுவுல இந்தப் பதினாலு இருக்கே, அதுதான் ஆள் கொல்லி. தூங்கவும் தூங்காது, திங்கவும் திங்காது. ஒடம்புல இருக்கறத எரிச்சுக்கிட்டே பெட்டிக்குள்ள சுத்தும். எரிக்கறதுக்கு இதுங்ககிட்ட என்ன இருக்கு? ஆளுக்கு ஒம்பது கிராம்.”

“அப்ப மேல கொண்டுபோய்ச் சூட்டுல வச்சு எதாவது குடுங்களேன்.”

“ஆகஸ்ட்ல பொரிஞ்சதுலேர்ந்து குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். அஞ்சுல ஒண்ணு ஒரே ஒரு எலிக்குஞ்சு முழுங்குச்சு. மத்ததெல்லாம் மொகத்தத் திருப்பிக்குது. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஒரே வழி ரெண்டு மாசம் படுக்கப் போடுறது. எந்திரிக்கறப்பப் பசியோட எந்திரிக்கும்.”

“எந்திரிக்கலன்னா?”

“அதுக்குத்தான் ஒக்காந்துருக்கேன்.”

டார்ச்சைச் சுவர்மேல் அடித்து, “முன்னெல்லாம் இங்க நிக்கோலாஸ் திருநாளுக்கே, டிசம்பர் மொத வாரத்துலயே, ஒம்பது டிகிரி வந்துரும்” என்றார். “எப்ப சூடு வெளிய போகாம இருக்கச் சுவத்துக்கு நுரையட்டை ஒட்டி, ஓட்ட ஜன்னலையெல்லாம் எடுத்துட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டாங்களோ, அப்பவே போச்சு.”

“குடியிருப்புக் கூட்டத்துல நீங்களும் கை தூக்குனீங்கன்னு அப்பா சொன்னாரே.”

“மொத ஆளா தூக்குனேன். நான் தூக்காம வேற யாரு தூக்குவா.” சிரித்தமாதிரிதான் இருந்தது. “சரி, ஊறுகாய எடுத்துட்டுக் கெளம்பு. ப்ரோன்காட்டச் சொல்லாத.”

“அத்தைக்குத் தெரியாதா?”

“குட்டிங்க கீழ இருக்கறது தெரியும். நான் கீழ ஒக்காந்துருக்கறது தெரியாது. பீர் குடிக்கப் போயிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அப்படியே நெனைக்கட்டும், மரியாதையாவது மிஞ்சும்.”

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அல்ஃப்ரெட் ரஷ்காவுக்கு அப்போது அறுபத்தோரு வயது. எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி. செக் நாட்டில், போலந்து எல்லையோரம் இருக்கும் எங்கள் தெஷின் நகரின் வெப்ப நிலையத்தில் முப்பத்தோரு வருடமாக வேலை. நகரத்துக்கு வெளியே கொதிக்கும் தண்ணீர் பூமிக்கு அடியில் குழாயில் வந்து, ஒவ்வொரு கட்டடத் தொகுதிக்கும் ஒரு சின்ன அறையில் பிரிந்து, ரேடியேட்டருக்கும் குளியலறைக்கும் போகும். அப்படிப்பட்ட பதினோரு அறைகள் அவர் பொறுப்பு. வால்வுகளைத் திருகும் பித்தளைக் கைப்பிடிகள் நிறைந்த தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜனவரியிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு ஒவ்வொரு அறையாக நடப்பார். யார் வீட்டிலாவது ரேடியேட்டர் சில்லிட்டால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அலுவலகத்துக்கு அப்புறம்தான் போன் போகும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பாம்பு வந்தது தொண்ணூற்றிரண்டில். ஆஸ்ட்ராவாவில் ஒரு ஜிம்னேஷியத்தில் நடந்த பாம்பு, பல்லி சந்தையில் தன் அக்கார்டியனைக் கொடுத்துவிட்டு ஒரு ஜோடிக் குட்டிகளை வாங்கி வந்தார். சாம்பல் நிற உடம்பில் கறுப்பு வளையம், வளையத்துக்குள் மஞ்சள். சீனத்து மலைகளில் வாழும் ஒருவகைச் சாரை. விஷமில்லை. “அக்கார்டியன் இருந்தப்பவாவது வீட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு” என்று அவர் மனைவி ப்ரோன்கா அத்தை இன்றும் சொல்வாள். ஆனால் பெட்டிகளில் இருப்பது அவளுடைய நகப்பூச்சு. எடுத்துப்போனதற்குப் பதிலாகப் புதுப் புட்டி வாங்கித் தரச் சொல்லி அவள் சண்டை போட்டதில்லை.

அந்த ஜோடியின் குட்டிகள், அவற்றின் குட்டிகள் என்று வெளியிலிருந்து ஒன்றும் வாங்காமல் வளர்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் பாம்பு வளர்ப்பவர்களிடையே ‘ரஷ்காவோட மஞ்சள்’ என்றால் தெரியும். வளையத்துக்குள் இருக்கும் மஞ்சள் மற்றவர்கள் பாம்பைவிட அகலம். ஆனால் ஒவ்வொரு வருடமும் குட்டிகள் குறைந்தன. போன வருடம் நாலு குட்டிகள் தேறின. நிலவறை சூடாகிவிட்டதே என்று, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் அவற்றை வைத்தார். ஒரு ராத்திரி அதன் தெர்மோஸ்டாட் கெட்டு, நிற்காமல் ஓடியிருக்கிறது. ஒரு காலையில் திறந்தபோது தண்ணீர்க் கிண்ணம் பனிக்கட்டியாக இருந்தது. குட்டிகளும்தான். ஃப்ரிட்ஜை அன்றே குப்பைத் தொட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வேறு புதுசு வாங்கலாமே என்று பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் கேட்டவர்களுக்கு, “கதவுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாத எதுலயும் இனிமே வைக்க மாட்டேன்” என்று பதில் சொன்னாராம்.

இந்த வருடம் பெரிய தாய்ப்பாம்பு ஆறு முட்டை இட்டது. ஒன்று கெட்டுப்போயிற்று. செப்டம்பரில் தாயும் செத்தது. ஆண் அந்தக் கோடையிலேயே போய்விட்டது. ஆக இருபத்தெட்டு வருடத்தில் மிஞ்சியது நிலவறை அலமாரியில் இருந்த ஐந்து பெட்டிகள்தான்.

நான் பார்த்த அந்த நாளுக்கு அப்புறம் பத்து நாள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு லுட்மிலா பிஷ்கோவா அத்தை என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஏழாவது மாடியில் எதிரெதிரே. அவள் கணவர் விலெம் மாமா முன்பு சரக்கு ரயில் ஓட்டுநர். மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து குளிப்பாட்டுவாள். சனிக்கிழமை அத்தையும் நானும்.

அவரைக் குளியல் தொட்டிக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாகிவிட்டது. அத்தை ஷவரைத் தன் கைமேல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“இன்னும் வரல” என்றாள்.

“எங்க வீட்டுலேர்ந்து வாளியில கொண்டுவரட்டுமா அத்தை?” எங்கள் வீட்டுக் குழாய் வேறு வரிசை; அதில் சூடாக வந்துகொண்டிருந்தது.

“இரு, வந்துரும். ஒரு வாரமா இப்படித்தான். கொஞ்ச நேரம் ஓடவிட்டா வெதுவெதுன்னு ஒண்ணு வரும்.”

ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். வந்தது வெதுவெதுப்புக்கும் கீழே. விலெம் மாமா பேசுவது குழறலாக இருக்கும், “சீக்... கிரம்” என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் ஓடிப்போய் இரண்டு வாளி கொண்டுவந்தேன். அவரைத் துவட்டிப் படுக்கையில் விட்ட பிறகும் கம்பளிக்குள் நடுக்கம் நிற்கவில்லை. அத்தை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அந்த வார விடுமுறைக்குப் பணியில் இருந்தவர் ரஷ்கா மாமா. அரை மணி நேரத்தில் வந்து நின்றார்.

“உங்களத் தொந்தரவு பண்றேன், ரஷ்கா ஐயா. சனிக்கிழமையும் அதுவுமா.”

“என் வேலைதானேம்மா அது.”

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை. தண்ணீர் கைமேல் ஓட, தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். பிறகு, “காத்து அடைச்சிருக்கும்” என்றார். “பாத்துக்கறேன்.”

அத்தை அவரைப் போகவிடவில்லை. கிறிஸ்துமஸுக்காகச் சுட்டு டப்பாவில் பூட்டி வைத்திருந்த வனிலா பிஸ்கட்டைத் திறந்து தட்டில் வைத்தாள். கண்ணாடிக் குவளையில், அடியில் தூள் படிய, காப்பி ஊற்றினாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். ஒரு பிஸ்கட்டைக் கையில் எடுத்து, கடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அவரோடு லிஃப்டில் இறங்கினேன். ஐந்தாவது மாடி தாண்டியதும் கேட்டேன்.

“மாமா, காத்து அடைப்பா அது?”

“இல்ல.”

“வால்வா?”

“அரைச் சுத்துதான் மூடுனேன்.” பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டார். “வெந்நி மேல போயிட்டுத் திரும்பற குழாய் நிலவறைல என் அறை வழியாத்தான் வருது. சூடு வெளிய வராம என் பக்கம் மூணு சுத்து உறை போட்டுப் பாத்தேன். மத்தவங்க நிலவறையெல்லாம் பூட்டிக் கெடக்கு, பாதிப் பேருக்குச் சாவி எங்கன்னே தெரியாது. அதான் ஓட்டத்தக் கொறைச்சேன். இப்பப் பதினொண்ணு இருக்கு. மூணாவது பெட்டி நேத்துலேர்ந்து அசையல, இரென்கா. நல்லாத் தூங்குது.”

“விலெம் மாமாவுக்கு ஒதடு நீலமாயிடுச்சு.”

லிஃப்ட் நின்றது. கதவை அவர் தள்ளவில்லை, நானும் தள்ளவில்லை.

“கால் சுத்து தொறந்துவிடறேன்” என்றார்.

திறந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை. பழுது நீங்கிவிட்டது என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டிலிருந்து இரண்டு வாளி முன்கூட்டியே நிரப்பிக் கொண்டுபோனேன். அது உதவி என்று அத்தை நினைத்தாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு மழை பெய்தது. பனி விழவேண்டிய நாட்களில் ஓல்சா ஆறு சேற்று நிறத்தில் ஓடியது. நிலவறை பதின்மூன்றைத் தொட்டிருக்கவேண்டும், ஏனென்றால் அவர் மறுபடி வால்வை மூடினார். எவ்வளவு மூடினார் என்று நான் கேட்கவில்லை. ஜனவரி ஆறில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள் விலெம் மாமாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆம்புலன்ஸ் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எதனாலும் வரலாம் என்றார் டாக்டர். குளிர்ந்த தண்ணீரால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. லிஃப்ட் அன்று பழுதாகிக் கிடந்ததால் நாற்காலியில் கட்டிப் படி வழியாக இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழிவிட்டு, சுவரோடு சுவராக ரஷ்கா மாமா நின்றிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை ப்ரோன்கா அத்தைதான் சொன்னாள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் அத்தை.”

“நல்ல ஜோடி. அந்த ஆளு ஊமையாப் பண்ணுவாரு, நீ ஊமையாப் பாப்ப.” அவள் குரலை உயர்த்தவில்லை. “காலையில எந்திரிச்சாரு, கீழ போயி வால்வ முழுசாத் தொறந்தாரு, ஞாயித்துக்கெழமைச் சட்டையப் போட்டுக்கிட்டு ஏழாவது மாடிக்குப் போனாரு. நானும் பின்னாடியே போனேன், எங்கயாவது விழுந்து தொலைச்சிரப் போறாரேன்னு. வாசல்ல நின்னே சொன்னாரு, பாம்புலேர்ந்து வால்வு வரைக்கும். ஒண்ணையும் மறைக்கல.”

“லுட்மிலா அத்தை என்ன சொன்னாங்க?”

“என்ன சொல்லுவாங்க. ‘என் காப்பியக் குடிச்சீங்களே’ன்னாங்க. அவ்வளவுதான். கதவச் சாத்திட்டாங்க. திட்டியிருந்தா இந்த மனுஷன் ராத்திரி சாப்பிட்டிருப்பாரு.”

அலுவலகத்திலும் அவரே போய்ச் சொன்னார். ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. எங்கள் தொகுதியை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பையிலிருந்து எங்கள் கைப்பிடியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்களாம். கட்டடத்தில் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. “ரஷ்கா, எங்க வீட்டு ரேடியேட்டர் இன்னிக்கு எந்த ஜந்துவுக்காக ஓடுது?” என்று மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டில் கேட்டார். ரஷ்கா மாமா, “எனக்குத் தெரியாது, இப்ப என் கையில இல்ல” என்று மட்டும் பதில் சொன்னார். பிறகு லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

வால்வு முழுசாகத் திறந்தபின் நிலவறை பதினைந்துக்குப் போனது. குட்டிகள் நகரத் தொடங்கின. மேலே கொண்டுவந்து சூட்டில் வைத்தால் பாதித் தூக்கத்தில் எழுப்பியதாகும். அந்த எடையில் தாங்காது என்றார். கீழே விட்டால் எரிந்துபோகும். அப்போதுதான் ப்ரோன்கா அத்தை நிலவறைக்கு இறங்கினாள். இருபத்தெட்டு வருடமாகப் பாம்பு இருக்கும் அறைக்குள் கால் வைக்காதவள். தன் ஃப்ரீசரில் இருந்த காளானையும் ப்ளம் உருண்டையையும் எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்தாள். ஒரு பழைய தெர்மகோல் மீன் பெட்டிக்குள் ஐந்து டப்பாக்களையும் வைத்து, சுற்றிலும் பாட்டில்களை அடுக்கி, காலையும் மாலையும் மாற்றினார்கள்.

“பாட்டில டப்பாமேல இடிக்காத” என்பார் அவர்.

“எனக்குச் சொல்லித் தராதீங்க. நான் ரெண்டு மாசத்துக்கு ஒரு ஆட்டுக் காலயே கெடாம வச்சவ.”

“அது செத்த கால், ப்ரோன்கா.”

“உங்களதும் பாதி அப்படித்தான் இருக்கு.”

நான் ஊறுகாய்க்கோ உருளைக்கிழங்குக்கோ இறங்கும்போது கேட்டவை இவை. பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து நிறுத்தார். ஒன்பது கிராம் எட்டாயிற்று. எட்டு ஏழாயிற்று. ஜனவரி கடைசியில் ஒரு புள்ளிப் பெட்டியில் இருந்தது செத்தது. அதற்கு நாலாம் நாள் மூன்று புள்ளிப் பெட்டியில் இருந்தது. தோல் மடிப்பு விழுந்து, கயிறு போலக் காய்ந்து கிடந்தது. மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது. வெளியே தரை இளகியிருந்ததால் விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் புதைக்க முடிந்தது. குளிரில் தரை இறுகிக் கிடந்திருந்தால் நிலவறையும் குளிர்ந்திருக்கும், இதற்கெல்லாம் அவசியமே வந்திருக்காது.

விலெம் மாமா மூன்று வாரத்தில் திரும்பி வந்தார், இன்னும் இளைத்து. சனிக்கிழமைகளில் லுட்மிலா அத்தை என்னைக் கூப்பிடுவது நின்றது. எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது வேறு ஏற்பாடு செய்துகொண்டாளா என்று தெரியவில்லை. படியில் பார்த்தால் “நல்ல நாள்” என்று முறையான செக் மொழியில் சொல்வாள். அதுவரை எங்களுக்குள் போலிஷ் கலந்த வீட்டுப் பேச்சுதான்.

பிப்ரவரி நடுவில் மீன் பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். மூன்று குட்டிகள் உயிரோடு இருந்தன. ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, எலிக்குஞ்சு போட்டுப் பார்த்தார். இரண்டு புள்ளியும் ஐந்து புள்ளியும் விழுங்கின. நாலு புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தின்ற இரண்டுமே பெண்ணாகத்தான் இருக்கும், நாலுதான் ஆணாக இருக்கவேண்டும், அது தின்று பிழைத்தால்தான் இந்த வம்சம் உண்டு என்றார்.

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் ஏழு மாடியும் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூச்சு வாங்கியது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. எதிர்க்கதவைப் பார்க்காமல் இருக்கும்படியாகத் திரும்பி நின்றுகொண்டார். கையில் ஒரு தட்டு. ப்ரோன்கா அத்தை சுட்ட பாலாடைக்கட்டி ரொட்டி, மேலே துணி மூடியிருந்தது. எனக்குத்தான் கொண்டுவந்தார் என்று கையை நீட்டினேன்.

“இது ஒனக்கு இல்ல” என்றார். “அங்க.”

“நீங்க குடுங்க மாமா.”

“எனக்குக் கதவு தொறக்க மாட்டாங்க. தொறக்கவும் வேண்டாம். நீ குடுத்தாலும் வாங்குவாங்களோ என்னவோ. வாங்கலன்னா பரவாயில்ல, நீ தின்னுரு.” குரலைத் தாழ்த்தினார். “புதுசா வர்ற பையன் வால்வ எப்படி வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. முழுசாத் தொறந்துதான் இருக்கணும். எங்க வீட்டுல சூடா வருது. ஆனா ரெண்டாவது மாடில வர்றது வேற, ஏழாவது மாடில வர்றது வேற. அவங்க இனிமே யாருக்கும் போன் பண்ண மாட்டாங்க, இரென்கா. பச்சத்தண்ணியே வந்தாலும் பண்ண மாட்டாங்க.”

நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

“ஒரு மாசமா இத யார்ட்டக் கேக்கறதுன்னு சுத்திக்கிட்டிருக்கேன். உள்ள விட்டாங்கன்னா, கை கழுவிக்கறேன்னு சொல்லிக் குளியலறைக்குப் போ. வெந்நிக் குழாயத் தொற. மனசுக்குள்ள எண்ணு, அவசரப்படாம. கை பொறுக்க முடியாத சூடு வர்றதுக்கு எத்தன ஆவுதுன்னு வந்து எனக்குச் சொல்லு. நான் கீழ படியில நிக்கறேன்.”